அப்பாவுக்கு வந்த சிஜேடி: பெயர் தெரியும் முன்பும் பிறகும்

பத்து இலட்சம் பேர் இருக்கிற இடத்தில் வருடத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற நோய் இது. மூளையை வேகமாகச் சிதைக்கும், மருந்து இல்லாத நோய். குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் என்பது முழுப்பெயர். சிஜேடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு குடும்ப டொக்டர் தன் உத்தியோக காலம் முழுவதும் இந்த நோயாளி ஒருவரைக்கூடக் காணாமல் ஓய்வுபெற்றுவிடலாம். அதனால் முதல் சந்தேகம் பெரும்பாலும் டொக்டரிடமிருந்து வராது. "இவர் இப்படி இல்லையே, போன மாதம் கூட நன்றாகத்தானே இருந்தார்" என்று வீட்டில் இருக்கிறவர்கள் சொல்வதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

எங்கள் அப்பாவுக்கு இந்த நோய் வந்து, அவர் போய், கடைசிச் சோதனை முடிவும் கைக்கு வந்த பிறகு இதை எழுதுகிறேன். மருந்து இல்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பிரயோசனம் என்று உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இப்போது சொல்ல முடியும்.

அப்பாவுக்கு அப்போது 67 வயது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, கணக்காளராக வேலை செய்து, ஓய்வுபெற்ற பிறகு கோயில் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு ஹரோவில் அம்மாவோடு இருந்தார். முதலில் அவர் சொன்னது, "பிள்ளை, இந்தக் கண்ணாடி சரியில்லை" என்பதுதான். தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டுவார். கை ஒரு விரல் தள்ளிப் போய் நிற்கும். படி இறங்கும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலால் தடவுவார். வெள்ளைத் தட்டில் சோறு போட்டால் பாதியைக் காணாமல் விட்டுவிடுவார். கண்ணாடிக் கடையில் பார்த்துவிட்டு ஆரம்பநிலைக் கண்புரை என்றார்கள். கண் பிரிவுக்குக் கடிதமும் போனது.

சிஜேடி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கையாளும் இடத்தில் தொடங்கும். ஹைடன்ஹைன் வகை என்று அதைச் சொல்வார்கள். கண் நன்றாகவே இருக்கும். கண் அனுப்புவதை மூளைக்குப் புரிந்துகொள்ள ஏலாது. சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் எழுத்தைக் கடைசி வரி வரை வாசிக்கிற மனிதர், மேசையில் கண்முன்னே கிடக்கும் கரண்டியைத் தேடுகிறார் என்றால், அந்த முரணைக் கண் டொக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும். "பார்வை மங்கல்" என்று மட்டும் சொன்னால் கண்ணைத்தான் பார்ப்பார்கள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றாக வந்தது. கோயில் கணக்கில் வரவை செலவுப் பக்கம் எழுதினார். நன்றாகத் தெரிந்த வீதியில் வழி கேட்டார். இரவில் நித்திரை இல்லை. எதற்கும் பதற்றம். குடும்ப டொக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். ஒருநாள் பேச்சுக் குழற, பாரிசவாதமாக இருக்கலாம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எம்ஆர்ஐ ஸ்கான் எடுத்து, "வயதுக்கேற்ற மாற்றங்கள் மட்டும்" என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாபக சக்திச் சோதனையும் அங்கே செய்தார்கள், ஆங்கிலத்தில். ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். அப்பாவால் ஏலவில்லை. ஆங்கிலம் அவருக்கு இரண்டாம் மொழி என்பதால் அந்தப் புள்ளியைப் பெரிதாக எடுக்கவில்லை என்று சோதித்தவர் எங்களிடமே சொன்னார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் கணக்கறிக்கை எழுதிய மனிதர் அப்பா. அந்த விளக்கத்தை அங்கேயே மறுத்துச் சொல்வது பிள்ளைகளின் வேலை. இன்னொன்று: தாய்மொழியில் சோதிக்க மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், பிரித்தானிய ஆஸ்பத்திரிகளில் அதற்கு ஏற்பாடு உண்டு. வீட்டில் அவர் ஐம்பது வருடமாகத் தினமும் காலையில் பாடிய தேவாரத்தில் இரண்டாவது வரியைத் தவறவிட்டு, திரும்பத் திரும்ப முதல் வரிக்கே வந்துகொண்டிருந்தார். எந்தச் சோதனைத் தாளையும் விட அது எங்களுக்கு அதிகம் சொல்லியது.

விஷயத்தைத் திருப்பியது அம்மாவின் நாட்காட்டி. அம்மாவுக்கு எதையும் கோயில் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைக்கிற பழக்கம். பால்காரன் கணக்கு முதல் எங்களுக்குப் பல் முளைத்தது வரை அப்படித்தான். அப்பாவைப் பற்றியும் எழுதியிருந்தார். "அமாவாசை: படையலுக்கு வாழையிலையை மறுவளமாகப் போட்டார்." "சஷ்டி: சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை." "பௌர்ணமி: என்னைப் பார்த்து, அக்கா எங்கே என்று கேட்டார்." அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையே எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும். நுனி எந்தப் பக்கம் என்று குழப்பிய மனிதர், அந்தப் பதினைந்து நாளில் பெண்சாதியை அடையாளம் தெரியாத நிலைக்குப் போயிருக்கிறார்.

நான் அதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கமாகத் தேதியோடு எழுதி, நரம்பியல் டொக்டரிடம் கொடுத்தேன். அவர் அப்பாவோடு கதைக்க முதலே அதை இரண்டு தரம் வாசித்தார். "இது அல்சைமர் போகிற வேகம் இல்லை" என்றார். அல்சைமரில் வருடக்கணக்கில் நடப்பது இதில் வாரக்கணக்கில் நடக்கும். டொக்டர் காண்பது அன்றைய அரை மணித்தியாலத்தை மட்டும். வேகத்தைக் காண்பவர்கள் கூட இருக்கிறவர்கள்தான், அதை எழுதிவைத்தால் தவிர மற்றவருக்குக் காட்ட முடியாது. கை துடிப்பது, நடை தள்ளாடுவது போன்றவற்றைக் கைபேசியில் சிறிய வீடியோவாக எடுத்துக்கொண்டு போனதும் உதவியது. டொக்டர் முன்னால் அந்தத் துடிப்பு வராமல் போகலாம்.

அவர் செய்த அடுத்த வேலை எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. புதிய ஸ்கான் கேட்கவில்லை. முன்பு "வயதுக்கேற்ற மாற்றங்கள்" என்று எழுதப்பட்ட அதே ஸ்கானை வரவழைத்துத் திறந்தார். அதில் டிஃபியூஷன் என்று ஒரு வகைப் படம் இருக்கிறது. பாரிசவாதம் பார்க்க எடுப்பது அதுதான். மூளையின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும், மேற்பரப்பின் மடிப்புகளை ஒட்டியபடி, வேட்டிக் கரை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. "இந்த ஓரத்தைப் பாருங்கள்" என்று விரலால் அதன் வழியே கோடு இழுத்துக் காட்டினார். ஒருமுறை காட்டிய பிறகு எனக்கே அதைக் காணாமல் இருக்க முடியவில்லை. முதல் அறிக்கையில் இந்தக் கோடு தவறிப்போவது சிஜேடி நோயாளிகள் பலருக்கு நடந்திருக்கிறது என்று பிறகு அறிந்தேன். தேடாதவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆகவே வீட்டில் வேகமான மாற்றம் தெரிந்து, ஸ்கான் சுத்தம் என்று சொன்னால், "மூளை ஸ்கான்களை மட்டுமே பார்க்கிற நிபுணர் ஒருவர் டிஃபியூஷன் படங்களைத் திரும்பப் பார்க்க முடியுமா" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.

சிஜேடியாக இருக்கலாம் என்று அன்றே சொன்னார். ஆனால் அதே மூச்சில், "அதை நிரூபிப்பதல்ல என் முதல் வேலை. இது வேறு ஏதாவதாக இருந்தால் அதைப் பிடிப்பதுதான்" என்றார். நோயறிதல் என்பதைப் பற்றி நான் கேட்ட நல்ல வசனம் அதுதான். சிஜேடி போலவே வேகமாக மூளையைக் குழப்புகிற, ஆனால் சிகிச்சையால் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடிய நோய்கள் இருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் மூளை அழற்சி, தைரொய்டு எதிர்ப்பொருளோடு (அன்டிபொடி) சேர்ந்து வரும் ஒருவகை அழற்சி, பி12 குறைவு, தயமின் குறைவு, மூளையில் சிஃபிலிஸ், எச்ஐவி, சில புற்றுநோய்கள், வெளியே தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பு. ஒவ்வொன்றுக்கும் இரத்தமும் முள்ளந்தண்டு நீரும் போயின. முடிவுகள் வரும்வரை காத்திருக்காமல், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்டு மருந்தை நாளத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் அம்மா ஒவ்வொரு காலையும் அப்பாவின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தெளிவு என்பார். தெளிவு வரவில்லை.

முள்ளந்தண்டு நீர் எடுப்பதில் ஒரு நுணுக்கம். முதல் தரம் எடுத்ததில் இரத்தம் கலந்துவிட்டது. இரத்தம் கலந்தால் சிஜேடிக்கான சோதனை கெட்டுப்போகும், அதனால் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பாவைத் திரும்பவும் குத்துவதா என்று தம்பி கோபப்பட்டான். அவனை வெளியே கூட்டிப்போய் விளங்கப்படுத்தியது ஒரு தாதி. அந்த நீர் எடின்பரோவுக்குப் போய், ஆர்டி-குயிக் என்கிற சோதனைக்கு உள்ளானது.

அந்தச் சோதனையைப் புரிந்துகொள்ள நோயைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நம் எல்லோருடைய மூளையிலும் பிரியான் புரதம் என்று ஒன்று இயல்பாகவே இருக்கிறது. அது தவறான வடிவத்தில் மடிந்துபோனால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போல் மடித்துவிடும். அது அடுத்ததை மடிக்கும். கிருமி இல்லை, அதற்கென்று மரபணுப் பொருள் எதுவும் இல்லை, வெறும் புரதம் தன் வடிவத்தைப் பரப்புகிறது. ஸ்டான்லி புரூசினர் 1982இல் பிரியான் என்ற பெயரோடு இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1997இல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றார். ஆர்டி-குயிக் செய்வது, இதே காரியத்தை ஒரு தட்டில் நடத்திப் பார்ப்பது. ஆய்வுகூடத்தில் தயாரித்த நல்ல புரதத்தில் நோயாளியின் நீரைச் சில துளி விட்டு, சூட்டில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். கெட்ட புரதம் இருந்தால் நல்லதும் மாறத் தொடங்கும். மாறியதில் சாயம் ஒட்டி ஒளிரும். நோய் இல்லாதவருக்கு இது தவறாக ஒளிர்வது மிக மிக அரிது. நோய் இருந்தும் சிலருக்கு ஒளிராமல் போகலாம். முன்பு 14-3-3 என்கிற புரதத்தைத்தான் பார்த்தார்கள். அது பாரிசவாதம், மூளை அழற்சி போன்றவற்றிலும் கூடும் என்பதால் குழப்பம் அதிகம். 2017இலிருந்து பிரித்தானியாவின் நோயறி விதிகளிலேயே ஆர்டி-குயிக் சேர்ந்துவிட்டது. மூளையின் மின் அலைப் பதிவும் (ஈஈஜி) எடுத்தார்கள். அப்பாவுக்கு அலைகள் மந்தமாக இருந்தன, அவ்வளவுதான். சிஜேடிக்கு அடையாளமான, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக வரும் கூர்முனைகள் அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாததால் நோய் இல்லை என்று ஆகாது.

ஆர்டி-குயிக் ஒளிர்ந்தது. ஸ்டீரொய்டு வேலை செய்யவில்லை. எதிர்ப்பொருள் எதுவும் இல்லை. "சிஜேடியாக இருக்கச் சாத்தியம் மிக அதிகம்" என்ற வகைக்குள் அப்பா வந்தார். உயிரோடு இருக்கும்போது அதுதான் எட்டக்கூடிய உச்ச நிச்சயம். "உறுதி" என்று எழுத மூளைத் திசுவையே பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்த அடுத்த நாளிலிருந்து எங்களைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள். இது நான் எதிர்பாராதது. பிரித்தானியாவில் சிஜேடி சந்தேகம் வந்தாலே எடின்பரோவிலுள்ள தேசிய சிஜேடி ஆய்வு மற்றும் கண்காணிப்புப் பிரிவுக்கும், லண்டன் குயீன் ஸ்குவேரிலுள்ள தேசிய பிரியான் மருத்துவப் பிரிவுக்கும், உள்ளூர் சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் ஆஸ்பத்திரி அறிவிக்கும். கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒரு டொக்டரும் தாதியும் வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, எங்களோடு நீண்ட நேரம் உட்கார்ந்து கேள்வித்தாள் ஒன்றை நிரப்பினார்கள். மூளையிலோ முள்ளந்தண்டிலோ கண்ணின் பின்பகுதியிலோ சத்திர சிகிச்சை நடந்ததா? இரத்தம் ஏற்றியதா, கொடுத்ததா? சிறுவயதில் வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போட்டதா? எங்கெங்கே வாழ்ந்தார்? என்ன வேலை? என்ன சாப்பிட்டார்?

மாட்டிறைச்சி என்ற கேள்வி வந்ததும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். "நாங்கள் சைவம். மாட்டு நோய் எங்களுக்கு எப்படி வரும்? சனம் என்ன கதைக்கும்?" அந்தத் தாதி கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு விளங்கப்படுத்தினார். அப்பாவுக்கு வந்தது தானாக வரும் வகை. சிஜேடியில் நூற்றுக்கு 85 அளவு அதுதான். மரக்கறிக்காரருக்கும் வரும், மாட்டிறைச்சி சாப்பிடுகிறவருக்கும் வரும். மாட்டுப் பைத்தியநோய் என்று ஒன்று உலகுக்குத் தெரிய முன்பே, 1920களின் தொடக்கத்திலேயே, ஜேர்மன் டொக்டர்களான குரொய்ட்ஸ்ஃபெல்ட்டும் யாக்கோப்பும் இதை எழுதிவைத்துவிட்டார்கள். மாட்டிலிருந்து மனிதருக்கு வந்தது வேரியன்ட் சிஜேடி என்கிற வேறு வகை. அது பெரும்பாலும் இளம் வயதினருக்கு, மனநோய்க் குறிகளோடு தொடங்கி, மெதுவாகப் போனது. பிரித்தானியாவில் மொத்தம் 178 பேர் அதனால் இறந்தார்கள். சமூகத்தில் கதை வரத்தான் செய்தது. ஒரு வீட்டார் எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். தொடுவதாலும், மூச்சாலும், ஒரே கோப்பையில் குடிப்பதாலும், குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதாலும் இது பரவாது என்பதை ஆட்களுக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. கவனம் தேவைப்படுவது மூளை, முள்ளந்தண்டு, கண்ணின் பின்பகுதி போன்றவற்றில் கருவிகள் படும்போது. இந்தப் புரதம் வழமையான கிருமி நீக்கத்துக்கும் ஃபோர்மலினுக்கும் முழுதாக அழியாது. அதனால்தான் பழைய சத்திர சிகிச்சைகளைப் பற்றி அவ்வளவு துருவிக் கேட்டார்கள்.

இத்தனை கேள்விக்கும் சாகப்போகிறவரின் குடும்பம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று தம்பி கேட்டான். எடின்பரோப் பிரிவு 1990இல் தொடங்கியது. மாட்டு நோய் மனிதருக்கு வருமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாட்டில் நடக்கும் ஒவ்வொரு சிஜேடியையும் தேடிப் போய்ப் பார்த்து, வயதும் குறிகளும் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான் வழமைக்கு மாறான இளம் நோயாளிகள் பத்துப் பேரை வேறாகப் பிரித்து அடையாளம் காண முடிந்தது. 1996 மார்ச் 20ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அரசாங்கம் அதை அறிவித்தது. பிறகு, இரத்தத்தின் மூலமும் அது பரவும் என்பதையும் நோயாளிப் பட்டியலையும் இரத்த தானப் பட்டியலையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒரு தாயோ மகனோ பதில் சொன்ன கேள்வித்தாள்கள்தான் அவை. இதை நான் தம்பிக்குச் சொன்ன பிறகு, அப்பா செய்த வேலைகள், போன நாடுகள் எல்லாவற்றையும் அவனே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தான்.

மரபணுச் சோதனைதான் எங்களுக்குக் கடினமானது. பத்துக்கு ஒருவர் அல்லது கொஞ்சம் கூட, பிரியான் புரதத்துக்கான மரபணுவில் உள்ள மாற்றத்தால் இந்த நோயைப் பெறுகிறார்கள். குடும்பத்தில் முன்பு யாருக்கும் தெரிந்திராவிட்டாலும் அது இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவின் இரத்தத்தைச் சோதிக்கும் முன், அந்த முடிவு எங்கள் முடிவும் ஆகும் என்பதை ஆலோசகர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தங்கைக்கு அறியவே விருப்பமில்லை. அவளுக்கு அப்போது கைக்குழந்தை. மற்ற இருவரும் அறிந்து அவளிடம் சொல்லாமல் இருப்பது என்று ஒப்புக்கொண்டோம், அப்படி ஒரு ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முடியுமா என்று தெரியாமலேயே. முடிவில் மாற்றம் எதுவும் இல்லை. அந்தச் செய்தியைத் தங்கைக்கு உடனே சொல்லிவிட்டோம். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கும் முன் குடும்பத்தில் யார் யார் அறிய விரும்புகிறார்கள் என்று ஆளாளாகக் கேட்டுவிடுங்கள். வட்ஸ்அப் குழுவில் கேட்கிற விஷயம் அல்ல அது.

பிரியான் மருத்துவப் பிரிவு 2008இலிருந்து நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. அதில் அப்பாவையும் சேர்த்தோம். அடிக்கடி ஒரு தாதி தொலைபேசி எடுப்பார். மொத்தம் 20 புள்ளி. 20 என்றால் சுகதேகி. 0 என்றால் பேச்சும் அசைவும் இல்லாத கடைசி நிலை. படி ஏறுகிறாரா? கட்டிலிலிருந்து எழும்ப எத்தனை பேர் பிடிக்க வேண்டும்? கழிப்பறைக்குத் தானே போவாரா? என்ன பேசுகிறார், சொல்லா, வசனமா? பொருட்களைப் பாவிக்கத் தெரிகிறதா? கடைசிக் கேள்விக்காக அம்மா ஒரு கரண்டியைக் கொடுத்துப் பார்த்தார். அப்பா அதன் குழிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, காம்பைச் சோற்றுக்குள் விட்டார். பிறகு கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையால் சாப்பிடத் தொடங்கினார், வடிவாகச் சாப்பிட்டார். அதையும் அப்படியே சொன்னோம். தாதி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

புள்ளி குறைவதை மாதத்துக்கு மாதம் கேட்பது மனதை அறுக்கும். ஆனாலும் எங்களுக்கு அது இரண்டு வகையில் பயன்பட்டது. சாப்பிடுவதில் ஒரு புள்ளி போனவுடனே உணவுக் குழாய் போடுவதா வேண்டாமா என்ற பேச்சைத் தொடங்க முடிந்தது. இந்த நோயில் அவகாசம் வாரக்கணக்கில்தான். பலர் நாலைந்து மாதத்தில் போய்விடுகிறார்கள். நாங்கள் குழாய் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வேறு குடும்பத்துக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். அடுத்தது, நாளைக்கு ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, மருந்து இல்லாமல் நோய் எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று சொல்ல முடியும். அப்பாவின் எண்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. கணக்காளராக இருந்தவர், அதை விரும்பியிருப்பார்.

மருந்து என்றதும் எங்களுக்கு வந்த செய்திகளையும் சொல்ல வேண்டும். மலேரியாவுக்குக் கொடுத்த குவினக்ரின் நல்லது என்று ஒருவர் அனுப்பினார். பிரித்தானியாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள், ஆயுளைக் கூட்டவில்லை. டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பிரான்சிலும் இத்தாலியிலும் சோதிக்கப்பட்டது, பயன் தெரியவில்லை. பிஆர்என்100 என்ற எதிர்ப்பொருளை லண்டனில் 6 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்று தெரிந்தது, குணமாக்கும் என்று நிரூபணம் இல்லை. பிரியான் புரதம் உண்டாவதையே குறைக்கும் மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. சோதனையில் சேர நோய் ஆரம்பநிலையில் இருக்க வேண்டும். பெயர் சீக்கிரம் தெரிய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் அப்பாவை மிகவும் வருத்தியது சத்தம். குக்கர் விசில் அடித்தால் உடம்பு முழுவதும் தூக்கிப்போடும். வாசல் மணி, தொலைபேசி, கதவு சாத்துவது எல்லாம் அப்படித்தான். குக்கரைக் கட்டிவைத்துவிட்டு அம்மா பருப்பைப் பானையில் அவித்தார். தொடுவதற்கு முன் "அப்பா, நான்தான்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தொடுவோம். குளோனசிபாம் கொடுத்த பிறகு தூக்கிப்போடுவது நன்றாகக் குறைந்தது. எடின்பரோப் பிரிவின் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்து பார்த்து, சிஜேடி நோயாளிகளுக்கென்றே உள்ள தேசிய நிதியிலிருந்து உதவி ஏற்பாடு செய்தார். சாதாரண விண்ணப்பங்களுக்கு எடுக்கும் காலம் இந்த நோயில் கிடைக்காது என்பதால்தான் அந்த நிதியே இருக்கிறது. அரசாங்க உதவித்தொகைக்கும் கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கான விரைவு வழி உண்டு. டொக்டர் ஒரு படிவம் நிரப்பித் தந்தால் போதும். கேட்காவிட்டால் சிலர் சொல்ல மாட்டார்கள்.

அப்பா வீட்டிலேயே, அம்மாவின் கை அவர் நெஞ்சில் இருக்கும்போது போனார்.

மூளையைப் பரிசோதிக்கச் சம்மதிப்பதா என்று முன்கூட்டியே கதைத்து வைத்திருந்தோம். உடம்பைக் கீற வேண்டாம் என்று பெரியப்பா கடுமையாகச் சொன்னார். அம்மாதான், "அவருக்கு என்ன வந்தது என்று முழுதாகத் தெரியட்டும். பிள்ளைகளுக்கும் தெரிய வேணும்" என்றார். சில நாள் தாமதத்தோடு உடல் திரும்ப வந்தது. ஈமச் சடங்கு நடத்தும் நிறுவனம் ஒன்று, சிஜேடி என்று கேட்டதும், பெட்டியைத் திறக்கவே முடியாது, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னோம். பிரித்தானிய அரசின் வழிகாட்டுதலில், பரிசோதனைக்குப் பிறகும் உடலைப் பார்ப்பதையும் தொடுவதையும் முத்தமிடுவதையும் தடுக்கத் தேவையில்லை என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவரே அனுப்பிவைத்தார். உடலைப் பதப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம் என்று விட்டோம். சுத்தம் செய்து வேட்டி கட்டிய வேலையைக் கையுறை போட்ட ஊழியர்கள் செய்தார்கள். அரப்பும் எண்ணெயும் நாங்கள் தலையில் தொட்டு வைத்தோம். வாய்க்கரிசி போட்டோம். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எரிப்பதற்கும் எந்தத் தடையும் இருக்கவில்லை. இந்த வழிகாட்டுதலைக் கடைசி நேரத்தில் தேடாமல், நோயாளி இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது: தானாக வரும் வகை சிஜேடி, உறுதி.

அண்மையில் தூரத்து உறவான ஒரு குடும்பம் சென்னையிலிருந்து அழைத்தது. தாய்க்கு 60 தாண்டிவிட்டது. சில வாரங்களுக்குள் ஞாபகம் போய்விட்டது, யாரோ சிஜேடி என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்களாம். எங்கள் கதையைக் கேள்விப்பட்டுத்தான் அழைத்தார்கள். நான் டொக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் சொன்னேன். ஸ்கான் சென்டர் தரும் ஃபிலிமும் அறிக்கையும் போதாது, முழுப் படங்களும் உள்ள சிடியை வாங்குங்கள். டிஃபியூஷன் படத்தை நரம்பியல் நிபுணர் பார்க்கட்டும். தேதியோடு ஒரு பக்கம் எழுதுங்கள். ஆட்டோஇம்யூன் எதிர்ப்பொருள் சோதனைகள் செய்தாயிற்றா என்று கேளுங்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் சிஜேடி நோயாளிகளுக்கான பதிவேடு இருக்கிறது, அங்கே காட்ட முடியுமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். மகள் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தார். முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கத்துக் கையும் ஒரு கணம் இழுத்துவிட்டு நின்றன. ஒரு நாளைக்குப் பலமுறை அப்படி வருகிறது என்றார். அப்பாவுக்கு வந்த துடிப்பு அப்படி இருந்ததில்லை. அந்த வீடியோவை டொக்டரிடம் கட்டாயம் காட்டச் சொன்னேன்.

அந்தத் தாயின் சோதனை முடிவுகள் வந்தன. இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. எல்ஜிஐ1 என்ற எதிர்ப்பொருள் இருந்தது. அது சிஜேடி இல்லை, ஆட்டோஇம்யூன் மூளை அழற்சி. ஸ்டீரொய்டு தொடங்கி இழுப்பு நின்றுவிட்டது. ஞாபகம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, போன மாதங்களில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. மகளின் பெயர் தெரிகிறது. அடுத்த பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.